குழல் மாறினால் கணக்கும் மாறும்

2023 ஏப்ரல் 29. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அரிக்கொம்பன் நிற்கிறது. பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையைத் திரும்பத் திரும்ப உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர் அது. எதிரே கேரள வனத்துறையின் தலைமைக் கால்நடை மருத்துவர் அருண் சக்கரியாவின் குழு. கையில் துப்பாக்கி. குழலுக்குள் இருப்பது குண்டு அல்ல, மருந்து நிரப்பிய ஊசி. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரி 22 அன்று, பாலக்காடு தோணி மலையடிவாரத்தில் பி.டி.-7 என்ற கொம்பனை மயக்கிப் பிடித்ததும் இவர் தலைமையிலான குழுதான்.

இரண்டு நாட்களும் தொலைக்காட்சியில் நாள் முழுக்க ஓடின. கும்கிகளைக் காட்டினார்கள், லாரியைக் காட்டினார்கள். முழு வேலையும் எந்தப் பொருளை நம்பி நடந்ததோ அந்த ஒன்றரை முழ நீள உலோகக் குழலைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த அத்தியாயம் அந்தக் குழலைப் பற்றியது. அதைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் என்னவெல்லாம் மாறும் என்பதைப் பற்றியது.

குழலுக்கு இரண்டு வேலை. உள்ளே இருப்பதற்கு வேகம் கொடுப்பது ஒன்று, திசை கொடுப்பது மற்றொன்று. வேகம் எளிதாகப் புரியும்: பின்னாலிருந்து வாயு தள்ளுகிறது, குழலின் வாய்க்கு வரும்வரை தள்ளிக்கொண்டே இருக்கிறது. அழுத்தத்தைக் குழல் துளையின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி, அதைக் குழலின் நீளத்தால் பெருக்கினால் கிடைக்கும் ஆற்றல் தோராயமாக வெளியே போகும் பொருளின் ஆற்றல். திசைதான் சிக்கலானது. அதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்கே நெடுங்காலம் பிடித்தது.

வழுவழுப்பான குழலிலிருந்து உருண்டைக் குண்டைச் சுட்டால் அது நேராகப் போவதில்லை. ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம், சில நேரம் மேலே. 1742-ல் 'பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்' என்ற நூலை வெளியிட்ட இங்கிலாந்துக்காரர் பெஞ்சமின் ராபின்ஸ் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். குண்டு வெளியேறும்போது குழலின் சுவரில் எங்கோ உரசி ஏதோ ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்குகிறது. சுழலும் பந்து காற்றில் வளையும். இதை நிரூபிக்க அவர் செய்த சோதனை அபாரமானது. ஒரு துப்பாக்கியின் குழல் முனையை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போனது. பிறகு பாதையைக் கடந்து வலப்பக்கம் வளைந்தது. வளைந்த குழலின் வலச் சுவரில் உருண்டு வந்ததால் கிடைத்த சுழற்சி அதை அந்தப் பக்கம் இழுத்தது.

சுழற்சியைத் தவிர்க்க முடியாது என்றால் அதை நம் வசப்படுத்த வேண்டும். குழலின் உட்சுவரில் திருகுபோல வரிப்பள்ளம் வெட்டினால், குண்டு தன் பயண அச்சைச் சுற்றியே சுழலும். அப்போது அது எந்தப் பக்கமும் வளையாது. மூக்கு முன்னால் இருந்தபடியே பறக்கும். ராபின்ஸுக்கு முன்பே ஜெர்மானியக் கைவினைஞர்கள் வரிப்பள்ளம் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம்தான் அவரால் வந்தது. ரைபிள் என்பது இந்த வரிப்பள்ளம் உள்ள துப்பாக்கிதான். எவ்வளவு வேகமாகச் சுழலும் என்று பாருங்கள். 25 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று வீதம் பள்ளம் வெட்டிய குழலிலிருந்து நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் குண்டு வெளியேறினால், நொடிக்கு 2,400 சுற்று. நிமிடக் கணக்கில் 1,44,000.

இனி மருந்தூசிக்கு வருவோம். அரிக்கொம்பன் மீது எய்த ஊசியை அப்படிச் சுழற்றலாமா?

ஒரு பச்சை முட்டையையும் ஒரு அவித்த முட்டையையும் மேசைமேல் சுழற்றிப் பாருங்கள். அவித்தது அழகாகச் சுழலும். பச்சை முட்டை தள்ளாடி நின்றுவிடும். உள்ளே இருக்கும் திரவம் ஓட்டோடு சேர்ந்து சுழலாததுதான் காரணம். கெல்வின் பிரபு 19-ஆம் நூற்றாண்டில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். நீர் நிரப்பிய உலோகக் கூடுகளைப் பம்பரம்போலச் சுழற்றினார். சற்றே தட்டையான கூடு நிலையாகச் சுழன்றது. சற்றே நீண்ட கூடு நொடிகளில் தடுமாறி விழுந்தது. மருந்தூசி நீண்டது, ஒல்லியானது, உள்ளே திரவம் உடையது. சுழற்றுவதற்கு இதைவிடப் பொருந்தாத வடிவத்தைத் தேடத்தான் வேண்டும்.

ஆகவே மருந்தூசி வேறு வழியில் நேராகப் பறக்கிறது. அதன் வால் முனையில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு குஞ்சம் இருக்கும். காற்று அதைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். எடை முன்னால், இழுவை பின்னால். மூக்கு திரும்ப முயன்றால் வால் அதைச் சரிசெய்துவிடும். இந்த உத்திக்கும் பாலக்காட்டுப் பக்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. பாலக்காட்டுக் கோட்டையை 1766-ல் கட்டிய ஹைதர் அலியின் படையும் பிறகு திப்புவின் படையும் வீசிய இரும்புக்குழாய் ராக்கெட்டுகள் நீண்ட மூங்கில் கழியை வாலாகக் கட்டிக்கொண்டுதான் பறந்தன. அதைப் பார்த்து இங்கிலாந்தில் காங்கிரீவ் செய்த ராக்கெட்டுக்கும் கழி உண்டு. 1844-ல் வில்லியம் ஹேல் கழியை எடுத்துவிட்டு ராக்கெட்டைச் சுழல வைத்தார். நிலைப்படுத்த இரண்டே வழி: வால் அல்லது சுழற்சி. மருந்தூசி மைசூர் வழியில் வந்தது.

வாலால் நிலைகொள்வதற்கு வரிப்பள்ளம் தேவையில்லை. டென்மார்க்கின் டான்-இன்ஜெக்ட் போன்ற துப்பாக்கிகளின் குழல் உள்ளே வழவழவென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஊசியைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். நான் பார்த்த கருவிகளில் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு யோசனை அடங்கிய இன்னொன்று இல்லை. உடல் பகுதி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உருளை. நடுவே ஒரு ரப்பர் அடைப்பு. அடைப்புக்கு முன்னால் மருந்து, பின்னால் அழுத்தி அடைத்த காற்று. காற்று மருந்தை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் மருந்து வெளியே வராது. ஏனென்றால் ஊசியின் நுனி அடைபட்டிருக்கும். மருந்து வெளியேற வேண்டிய துளை ஊசியின் பக்கவாட்டில், ஒரு சிறிய சிலிக்கோன் உறைக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஊசி தோலுக்குள் நுழையும்போது தோலே அந்த உறையைப் பின்னுக்குத் தள்ளிவிடும். துளை திறக்கும். காற்று மருந்தைத் தசைக்குள் தள்ளும். மின்சாரம் இல்லை, வெடி இல்லை. யானையின் தோல்தான் விசையை இழுக்கிறது.

அந்தத் தோல் தொடைப்பகுதியில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தடிப்பு. ஊசி அதைத் தாண்டித் தசைக்குப் போய்ச் சேர வேண்டும். தோலுக்கடியில் நின்றுவிட்டால் மருந்து ரத்தத்தில் கலப்பதற்குத் தாமதமாகும். பாதி மயக்கத்தில் இருக்கும் யானை முழு விழிப்பில் இருக்கும் யானையைவிட ஆபத்தானது. வேகம் கூடிப்போனாலும் கேடுதான்: ஊசி தசையைக் கிழிக்கும், எலும்பில் மோதும், பட்டுத் தெறித்துக் கீழேயும் விழலாம். சரியான வேகத்துக்கு மேல் எல்லை உண்டு, கீழ் எல்லையும் உண்டு. ரைபிளுக்கு இப்படி ஒரு மேல் எல்லை இல்லை.

எண்களில் சொல்கிறேன். 15 கிராம் எடையுள்ள ஊசி நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 27 ஜூல். அதே எடையுள்ள ரைபிள் குண்டு நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் போனால் 2,700 ஜூல். வேகம் பத்து மடங்கு, ஆற்றல் நூறு மடங்கு. ஆனால் குறைந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. 30 மீட்டர் தொலைவில் நிற்கும் யானையை ஊசி எட்ட அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில் புவியீர்ப்பு அதை 1.2 மீட்டர் கீழே இழுத்துவிடும். ரைபிள் குண்டு இறங்குவது 1.2 சென்டிமீட்டர்தான். இங்கேயும் நூறு மடங்கு, எதிர்த் திசையில். தொடையைக் குறிவைக்கிறவர் மனதில் யானையின் முதுகுக்கு மேலே ஒரு புள்ளியை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். தொலைவைத் தவறாக மதித்தால் ஊசி குறிக்குக் கீழேயோ மேலேயோ விலகிப் போகும். அரை நொடியில் யானை ஓரடி எடுத்து வைத்துவிடும் என்பது தனிக் கதை.

இப்போது குழலை மாற்றுவோம்.

இந்த வகைத் துப்பாக்கியோடு 11 மி.மீ., 13 மி.மீ. என இரண்டு குழல்கள் வரும். மானுக்கும் சிறுத்தைக்கும் சிறிய ஊசி போதும். யானைக்குக் கூடுதல் மருந்து வேண்டும், எனவே பெரிய குழல். பணிக்குப் புதிதாக வரும் மருத்துவர் ஒருவர் வனத்துறைக் குடியிருப்பில் மாலை வேளையில் முதல் முறையாகக் குழலைக் கழற்றி மாட்டும்போது, வேலை எளிதாகத்தான் தெரியும். வாயுவை வெளியேற்றி, உள்ளே ஊசி இல்லை என்று உறுதிசெய்து, ஒன்றை எடுத்து மற்றொன்றைப் பொருத்துவது. ஆனால் அந்த நொடியில் முந்தைய அனுபவம் முழுவதும் செல்லாததாகிவிடுகிறது. விட்டம் 11-லிருந்து 13 ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு 40 சதவீதம் கூடுகிறது. அதே நீள ஊசியில் 40 சதவீதம் கூடுதல் மருந்து பிடிக்கும். அதே அழுத்தம் 40 சதவீதம் கூடுதல் விசையோடு தள்ளும். தள்ளப்படும் எடையும் கூடியிருக்கும். ஊசிக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளி வேறு, அதன் வழியே கசியும் வாயு வேறு, உராய்வு வேறு. இவற்றில் எது எவ்வளவு என்று காகிதத்தில் முழுதாகக் கணித்துவிட முடியாது. சுட்டுப் பார்த்துத்தான் தெரியும்.

அதனால் மருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய ஊசியால் வெற்றுப் பலகையில் 10, 20, 30 மீட்டர் தொலைவுகளில் எய்து பார்ப்பார்கள். ஒவ்வொரு தொலைவுக்கும் எவ்வளவு அழுத்தம் என்று அட்டவணை எழுதுவார்கள். 11-க்கு ஒரு அட்டவணை, 13-க்கு ஒன்று. பாதி நிரப்பிய ஊசிக்கும் முழுதாக நிரப்பியதற்கும் தனித்தனி. காலியான ஊசியால் பழகிவிட்டுக் காட்டுக்குப் போனால் அந்தப் பழக்கம் தவறான கைப்பழக்கமாகிவிடும். எடை வேறு என்பதால் அது பறக்கும் பாதையும் வேறு.

பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் இடையே இந்த அட்டவணையை மாற்றும் இன்னொரு விஷயம் வெப்பம். துப்பாக்கியைத் தள்ளும் வாயு கார்பன் டை ஆக்சைடு. குப்பிக்குள் அது பாதி திரவமாக இருக்கும். குப்பியின் அழுத்தத்தை நிர்ணயிப்பது எவ்வளவு வாயு மிச்சம் என்பதைவிட வெப்பநிலைதான். 0 டிகிரியில் சுமார் 35 பார், 20 டிகிரியில் 57, 30 டிகிரியில் 72. மூணாறில் டிசம்பர், ஜனவரி விடியற்காலை பூஜ்ஜியத்தைத் தொடும். அதே ஜனவரியில் பாலக்காட்டு நண்பகல் 30-ஐத் தாண்டும். 31 டிகிரிக்கு மேலே விந்தை ஒன்று நடக்கிறது. அந்த வெப்பத்தில் கார்பன் டை ஆக்சைடில் திரவம் என்றும் வாயு என்றும் எல்லை இருப்பதில்லை, இரண்டும் ஒன்றாகிவிடும். மே மாதப் பாலக்காட்டு வெயிலில், ஜீப்புக்குள் கிடக்கும் குப்பியில் நடப்பது இதுதான். நிரம்பிய குப்பி என்றால் அழுத்தம் மளமளவென்று ஏறும். நிழலில் வைக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயமல்ல. துப்பாக்கியில் அழுத்தமானி உண்டு, சுடுமுன் வேண்டிய அளவுக்கு வால்வில் திருத்திக்கொள்ளலாம். இருந்தாலும் அடுத்தடுத்துச் சுடும்போது விரியும் வாயு தானே குளிரும், அழுத்தம் இறங்கும். முதல் ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் இடையே மானியைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. அரிக்கொம்பனுக்கு அன்று ஒரு ஊசி போதவில்லை. அடுத்தடுத்துப் போட வேண்டியிருந்தது. நடுவே மழை வேறு கொட்டியது.

இந்தத் தொழிலை இங்கே வளர்த்தவர்கள் எந்த அட்டவணையும் இல்லாத காலத்தில் தொடங்கியவர்கள். நியூசிலாந்தின் காலின் மர்டோக் 1950-களில் மயக்க ஊசித் துப்பாக்கியை உருவாக்கினார். தமிழ்நாட்டில் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, மக்கள் வாயில் 'டாக்டர் கே', முதுமலையிலும் டாப்ஸ்லிப்பிலும் யானைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் முறையை நம் சூழலுக்கு ஏற்ப வகுத்தார். டாப்ஸ்லிப்பிலிருந்து இறங்கினால் பாலக்காட்டின் பரம்பிக்குளம். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' அவரை அறியாத வாசகர்களிடமும் அவர் பெயரைக் கொண்டுசேர்த்தது. கேரளத்தில் மதம்பிடித்த கோயில் யானைகளை மயக்கி அடக்குவதில் மண்ணுத்தியின் டாக்டர் ஜேக்கப் சீரனும் அவருடைய தோழர்களும் முன்னோடிகள்.

இவர்கள் எல்லோரும் ஒரே கவலையோடு வேலை செய்தார்கள்: யானை விழக்கூடாது. யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருக்கும். மயங்கி நெஞ்சின்மேல் படுத்துவிட்டால் தன் எடையே மூச்சை அடைக்கும். நின்றபடியே மயங்க வேண்டும். அதற்கு சைலசீன், கெட்டமின் போன்ற மருந்துகளை அளவாகக் கொடுக்க வேண்டும். காது வீசுவது நிற்பதும் தும்பிக்கை தொங்குவதும் அறிகுறிகள். காது வீசித்தான் யானை உடலைக் குளிர்விக்கிறது, அது நின்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும். அளவு கூடினால் யானை சாயும். அளவைக் கொண்டுபோவது ஊசி, ஊசியின் கொள்ளளவைத் தீர்மானிப்பது குழலின் விட்டம்.

ரைபிள் குழலை வீட்டில் மாற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அது பலருக்கு வார இறுதி வேலை. எரியும் வெடிமருந்தின் வாயு குண்டு புறப்படும் இடத்தில் குழலின் உட்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். சில ஆயிரம் முறை சுட்டதும் போட்டிக்காரர்களின் குழல் துல்லியம் இழக்கும், மாற்றுவார்கள். வேறுபாடு அழுத்தத்தில்தான். மருந்தூசி 70 சென்டிமீட்டர் குழலில் 27 ஜூல் பெறக் கணக்குப்படி சராசரியாக 3 பார் போதும். கசிவையும் உராய்வையும் சேர்த்தால் சற்றுக் கூடும். ரைபிளின் அறைக்குள் அழுத்தம் ஆயிரக்கணக்கான பார். தோட்டாவின் பின்புறத்துக்கும் அதைத் தாங்கும் பூட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குக்குள் பிசகக்கூடாது. பிசகினால் தோட்டாவின் பித்தளை உறை கிழியும். வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

நம் நாட்டில் வீட்டில் குழல் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் துப்பாக்கியாகவே கருதுகிறது. பழுதுபார்க்கவும் மாற்றி அமைக்கவும் தனி உரிமம் வேண்டும். குழலைக் குட்டையாக்குவதைத் தடுக்கத் தனிப் பிரிவு உண்டு. இந்தக் கண்டிப்பு எனக்குச் சரியென்றே படுகிறது. குழல்தான் துப்பாக்கி, மற்றவை அதைத் தாங்கும் கட்டை.

சட்டத்துக்கு வெளியே ஒரு குழல் இந்த எல்லைக் காடுகளில் நெடுங்காலமாக உண்டு. நாட்டுத் துப்பாக்கி: வரிப்பள்ளம் இல்லாத இரும்புக் குழாய், வாய்வழியே வெடிமருந்தும் ஈயச் சில்லும் கெட்டிக்கும் வகை. பறக்கும் சில்லுகளுக்கு வாலும் இல்லை, சுழற்சியும் இல்லை. ராபின்ஸ் விளக்கிய அதே தடுமாற்றத்தோடு அவை சிதறும். யானையை விரட்ட ஏர்கன் பெல்லட்டுகளும் பயன்படுகின்றன. பயிரைக் காக்க யானையை விரட்டுகிறவர், வலித்தால் ஓடிவிடும் என்று நினைத்துச் சுடலாம். பயிர் போன விவசாயியின் கோபத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஓர் இரவில் வாழைத்தோட்டம் முழுவதும் சாய்ந்து கிடந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் சில்லு செய்வது என்ன? ஆற்றல் சிறியது, தடித்த தோலைத் தாண்டி உயிர்ப்பகுதிக்குப் போகாது. தோலுக்குள் தங்கிவிடும். சீழ் பிடிக்கும். யானை சாகாது, ஊரைவிட்டுப் போகவும் போகாது. வலியோடு மறுநாளும் வரும்.

தோணியில் பிடிபட்ட பி.டி.-7-ஐ முத்தங்கா யானை முகாமுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே மரக்கூண்டில் வைத்துப் பரிசோதித்தபோது இது கண்ணுக்குத் தெரிந்தது. அதன் உடலில் பெல்லட்டுகள் பல கண்டெடுக்கப்பட்டன. ஒரு கண்ணில் பார்வைக் குறைபாடு இருப்பதும் பின்னர் தெரியவந்தது. அதற்கு இப்போது தோணி என்றே பெயர்.

அரிக்கொம்பன் விஷயத்தில் முதலில் நீதிமன்றம் ஏற்ற இடம் பாலக்காட்டின் பரம்பிக்குளம். முதலமடை மக்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். பிறகு பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. மே 27 அன்று அது எல்லை தாண்டிக் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5-ல் தமிழ்நாடு வனத்துறையினர் தேனி மாவட்டத்தில் அதை மீண்டும் மயக்கி, களக்காடு-முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வாரத்துக்குள் இரண்டாம் மயக்கம், வேறு குழு, வேறு துப்பாக்கி, சமவெளியின் ஜூன் வெப்பம். சின்னக்கானலில் எழுதிய அழுத்தக் கணக்கு தேனியில் உதவாது. அங்கே புதிதாகத் தொடங்கியாக வேண்டும்.

பிடிபட்ட யானையின் தோலைத்தான் நம்மால் தடவிப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ண முடிகிறது. நெல்லியாம்பதியிலும் அட்டப்பாடியிலும் மறையூரிலும் சின்னாறிலும் எந்த மருத்துவர் கையிலும் படாமல் திரியும் யானைகள் எத்தனை ஈயச் சில்லுகளைச் சுமக்கின்றன என்பதற்கு இன்னும் கணக்கெடுப்பு நடந்தாக வேண்டும். சடலப் பரிசோதனையின்போது உலோகங்காட்டும் கருவியால் உடலைத் தேடுவதை எல்லை மாவட்டங்கள் அனைத்திலும் கட்டாயமாக்கினால் அதை அங்கிருந்து தொடங்கலாம்.